முதலாளியின் வக்கீலும் நல்வாழ்க்கையும்

தருமத்தைச் சரணடைந்த ஒருவர், தொழிலாளருக்கு எதிராக முதலாளிகளின் பக்கம் நின்று வழக்காடுவதையே தம் ஆயுட்காலத் தொழிலாகக் கொள்ளலாமா? இவ்வினாவை இங்கு ஆராய எடுத்துக்கொள்கின்றோம். இது வெறும் ஏட்டு வினா அன்று. நம் வீட்டுப் பிள்ளைகள் சட்டம் பயின்று கறுப்பு அங்கி தரிக்கும் காலம் வந்துவிட்டபடியால், இது நம் வீட்டு வினாவாகவே ஆகிவிட்டது.

சிகந்தராபாத்தைச் சார்ந்த மெட்டுகுடாவை எண்ணிப் பாருங்கள். இரயில்வே குடியிருப்புகள் நிறைந்த பகுதி அது. அருகே லாலாகுடாவில், நிஜாம் இரயில்வேயின் காலத்தில் 1893ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற பெட்டிப் பணிமனை இருக்கின்றது. 1966ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் தென்மத்திய இரயில்வே பிறந்து சிகந்தராபாத் அதன் தலைமையிடமாயிற்று. கண்டோன்மெண்டையும் இருப்புப்பாதையையும் நம்பி அப்பக்கம் சென்ற தமிழ்க் குடும்பங்கள் பல. அத்தகைய இடத்தில் முதலாளி எனப்படுபவர் ஆலையதிபர் அல்லர். இரயில்வே நிர்வாகமே முதலாளி. அந்நிர்வாகத்துக்கு வழக்காட வக்கீல்கள் உளர். தண்டவாளத்தில் சம்மட்டி பிடித்த கேங்மேனின் பேரன், மற்றொரு கேங்மேனின் மனுவைத் தள்ளுபடி செய்ய வேண்டுமென்று நீதிமன்றத்தில் எழுந்து நிற்கக்கூடிய காலம் இது. அவர் செய்வது தகுமா, தகாதா?

இவ்வினாவுக்கு அவசர விடைகள் இரண்டு உண்டு. "வக்கீல் தொழில் கத்தியைப் போன்றது, கத்திக்குப் பாவமில்லை" என்பது ஒன்று. "ஏழையின் வயிற்றிலடிக்கும் தொழில், தொடவே கூடாது" என்பது மற்றொன்று. இரண்டையும் ஒவ்வொன்றாக எடைபோட்டுப் பார்ப்போம்.

எண்வகை நெறியுள் நல்வாழ்க்கை ஒன்று. ஆயுதம், உயிர்கள், இறைச்சி, மது, நஞ்சு ஆகிய ஐந்தின் வாணிகத்தையும் உபாசகர் விலக்க வேண்டுமென்று பகவன் புத்தர் விதித்தார். அப்பட்டியலில் வழக்காடுதல் இல்லை. இல்லாமையாலேயே அது குற்றமற்றதாகிவிடுமோ எனின், ஆகாது. அவ்வைந்தையும் இணைக்கும் நூல் யாதென நோக்க வேண்டும். அவற்றில் வியாபாரி இலாபமடைய வேண்டுமானால் பிறவுயிர் துன்புற்றே தீரவேண்டும். நஞ்சு விற்பவன் நல்லவனாயிருப்பினும் நஞ்சு கொல்லத்தான் செய்யும். முதலாளிக்கு வழக்காடும் தொழில் அத்தகையதா? அதன் வெற்றி ஒவ்வொன்றுக்கும் ஓர் ஏழையின் துன்பம் விலையாக வேண்டுமா?

வேண்டியதில்லை என்பதற்கு நம் மக்கள் மறக்கக்கூடாத சான்று ஒன்றுண்டு. தாழ்த்தப்பட்டோருக்குப் பதவி உயர்விலும் இடங்களை ஒதுக்க வேண்டுமென்று 1959ஆம் ஆண்டில் இரயில்வே வாரியம் சுற்றறிக்கை அனுப்பியது. அதனை எதிர்த்துத் தென்னக இரயில்வேயின் ஊழியர் ஒருவர் சென்னை உயர்நீதிமன்றம் சென்று வெற்றி பெற்றார். நிர்வாகம் மேல்முறையீடு செய்தது. தென்னக இரயில்வே பொது மேலாளர் எதிர் ரங்காச்சாரி என்னும் அவ்வழக்கில் 1961ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம், மூவர் ஒருபுறமும் இருவர் மறுபுறமுமாக, ஒதுக்கீடு செல்லும் எனத் தீர்ப்பளித்தது. அவ்வழக்கில் மனுதாரர் ஊழியர்; எதிர்நின்றது முதலாளி. ஆயினும் கடையர்க்குக் கதவு திறந்தது முதலாளியின் வாதத்தாலன்றோ? பின்னர் 1992இல் மண்டல் வழக்கில் அத்தீர்ப்பு மாற்றப்பட்டதும், 1995இல் அரசியல் சட்டமே திருத்தப்பட்டுப் பதவி உயர்வு ஒதுக்கீடு மீண்டும் நிலைபெற்றதும் பிந்திய வரலாறு. முதலாளியின் வக்கீல் என்ற பெயரைக் கேட்டதும் காதைப் பொத்திக்கொள்வது பேதைமை என்பதற்கு இவ்வொரு வழக்கே போதும்.

இன்னும் நோக்குக. உடன் வேலை செய்யும் பெண்ணிடம் தகாது நடந்த ஒருவனை நிர்வாகம் விசாரித்து நீக்குகின்றது. அவன் வழக்குத் தொடுக்கின்றான். அந்நீக்கம் சரியே என்று வாதாடுபவர் முதலாளியின் வக்கீலேயாயினும், அவர் காப்பது ஒரு தொழிலாளியின் மானத்தையே. தொழிலாளர் எனும் சொல் ஒரே முகமுடையதன்று என்பதைச் சென்னைப் பெரம்பூரை அறிந்தோர் அறிவர். 1921ஆம் ஆண்டு பக்கிங்காம் கர்நாடிக் ஆலை வேலைநிறுத்தத்தின்போது ஆதிதிராவிடத் தொழிலாளரிற் பலர் வேலைக்குச் சென்றனர். அதன் காரணமாய் மூண்ட கலகத்தில் புளியந்தோப்புச் சேரியின் குடிசைகள் தீக்கிரையாயின. எரிந்ததும் தொழிலாளியின் வீடு. எரித்ததும் தொழிலாளியின் கை. ஆகவே ஒரு கட்சியின் பெயரை மட்டும் கொண்டு தருமம் எங்குள்ளதென முடிவுசெய்தல் இயலாது.

இவ்வளவும் முதல் விடைக்கு ஆதரவாயிருப்பவை. இனி, மறுபக்கத்துக்கு வருவோம். கத்திக்குப் பாவமில்லை என்பது மெய்தான். வக்கீலோ கத்தியல்லர், கத்தியைப் பிடித்த கை. இந்தியப் பார் கவுன்சிலின் விதிகளும் அவ்வாறே கருதுகின்றன. தம்மை நாடும் வழக்கை வக்கீல் பொதுவாக ஏற்க வேண்டும் என்று கூறும் அவ்விதிகளே, தகாத முறைகளை வற்புறுத்தும் கட்சிக்காரரைக் கைவிட வேண்டும் என்றும், கட்சிக்காரரின் வெறும் ஊதுகுழலாய் இராது தம் மதியைப் பயன்படுத்த வேண்டும் என்றும் கூறுகின்றன.

அன்றியும், இரு கட்சியாரும் சம பலமுடையோர் அல்லர். இதனைச் சட்டமே ஒப்புக்கொண்டுள்ளது. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டம், சமரசப் பேச்சில் வக்கீலுக்கு இடமேயில்லை என்றது. தீர்ப்பாயத்திலும் எதிர்க்கட்சியின் சம்மதமும் தீர்ப்பாயத்தின் அனுமதியும் இருந்தாலன்றி வக்கீல் தோன்றக்கூடாது என்றது. ஏன்? பெரும்பொருள் கொடுத்து வல்லவரை அமர்த்த முதலாளியால் இயலும், தொழிலாளியால் இயலாது என்ற எண்ணமன்றோ அதன் அடியில் உள்ளது? 1982ஆம் ஆண்டுத் திருத்தம் மேலும் ஒன்றைச் சேர்த்தது: மீண்டும் வேலை கொடு என்ற தீர்ப்பை எதிர்த்து நிர்வாகம் மேல்மன்றம் சென்றால், வேறு வேலையின்றியிருக்கும் தொழிலாளிக்கு வழக்கு முடியும்வரை கடைசியாகப் பெற்ற சம்பளத்தைக் கொடுத்துவர வேண்டும். காலதாமதமே ஓர் ஆயுதம் என்பதைச் சட்டம் இயற்றியோர் கண்டுகொண்டனர். 2025 நவம்பரில் புதிய தொழில் உறவுத் தொகுப்பு நடைமுறைக்கு வந்து பழைய சட்டம் விலகியது. சட்டம் மாறினும் பலத்தின் வேற்றுமை மாறவில்லை. நிர்வாகம் பத்தாண்டு காத்திருக்கும். தொழிலாளியின் அடுப்போ பத்து நாள் காத்திராது.

ஆகவே, முதலாளிக்கு வழக்காடலாமா எனும் வினாவை, வழக்காடும்போது எதைச் செய்யலாம், எதைச் செய்யலாகாது எனும் வினாவாகப் பிரித்துப் பார்த்தலே அறிவுடைமை. அவ்வாறு பார்க்குங்கால் வக்கீலின் தருமம் சோதிக்கப்படும் இடங்கள் மூன்று எனக் காண்கின்றோம்.

முதலாவது இடம் ஆலோசனை அறை. பன்னிரண்டு மாதத்தில் 240 நாள் வேலை செய்தவரை நீக்குவதானால் ஒரு மாத முன்னறிவிப்பும், முடிந்த ஒவ்வோராண்டுக்கும் பதினைந்து நாட் சம்பளமும் தரவேண்டுமென்பது பழைய சட்டத்தின் விதி. விதி வந்ததும், அதைத் தாண்டிச் செல்லும் வழியும் வந்தது. 240 நாள் நிரம்புமுன் ஆளை நிறுத்திச் சில நாள் கழித்து மீண்டும் புதியவன்போல் எடுத்துக்கொள்ளும் தந்திரம் எத்தனையோ இடங்களில் நடந்தது. ஆண்டாண்டாய் ஒருவரைத் தற்காலிகமாகவே வைத்து நிரந்தர உரிமையைப் பறிப்பது நேர்மையற்ற தொழில்முறை எனச் சட்டத்தின் அட்டவணையே கூறியும் அது நின்றபாடில்லை. தென்னக இரயில்வேயில் 1948இல் சேர்ந்து கால் நூற்றாண்டுக்கு மேல் கேஷுவல் தொழிலாளியாகவே உழைத்த ஒருவரின் பெயர் 1974இல் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. அது ஆட்குறைப்பே, விதிப்படி நடவாமையால் செல்லாது என்று 1982இல் உச்சநீதிமன்றம் கூறவேண்டியதாயிற்று. இரயில்வே திட்டப்பணிகளில் அவ்வாறு உழைத்தோரைப் படிப்படியாக நிரந்தர வேலையில் சேர்க்கும் ஏற்பாட்டை அம்மன்றம் 1985இல் ஏற்று விரிவாக்கியது.

இதில் நாம் கருதவேண்டியது யாது? நடந்துவிட்ட செயலுக்காக ஒருவர் சார்பில் பேசுதல் வேறு. நடக்கப்போகும் செயலை வகுத்துக் கொடுத்தல் வேறு. முன்னதில் வக்கீல் குரல். பின்னதில் அவரே கர்த்தா. எக்குற்றவாளிக்கும் குரல் வேண்டும் என்னும் நியாயம் முன்னதைக் காக்கும், பின்னதைக் காவாது. 239ஆம் நாள் ஆளை நிறுத்து என்று வழிசொல்லும்படி எந்த நீதிமன்றமும் எந்த விதியும் வக்கீலைக் கட்டாயப்படுத்தவில்லை. அதனைச் சொல்பவர் தம் சேதனையால், தம் மனமறிந்தே சொல்கின்றார். கருமம் என்பது சேதனையே என்பதை நம் அன்பர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

இரண்டாவது இடம் ஆவணக் கட்டு. 240 நாள் வேலை செய்ததை மெய்ப்பிக்கும் பொறுப்பு தொழிலாளியுடையதே என்று உச்சநீதிமன்றம் 2002இல் தீர்ப்பளித்தது. ஆனால் தினக்கூலிக்கு நியமன உத்தரவு ஏது? வருகையைக் காட்டும் மஸ்டர் ரோல் நிர்வாகத்தின் பெட்டியிலன்றோ இருக்கின்றது? ஆதலின் தொழிலாளி கூண்டேறிச் சாட்சி சொல்லி, அவ்வேடுகளை வரவழைக்கக் கோரலாம் என்று 2005இல் அம்மன்றம் விளக்கியது. இப்பொழுது அவ்வேடு வக்கீலின் கட்டில் இருக்கின்றதென வைத்துக்கொள்வோம். அதில் 240க்கு மேல் நாட்கள் எழுதப்பட்டுள்ளன. ஏட்டை வெளியே எடாமல், "மனுதாரர் மெய்ப்பிக்கவில்லை" என்று மட்டும் அவர் வாதாடுகின்றார். அவர் உரைத்தது பொய்யா? சொல் பொய்யன்று, எதிர்க்கட்சி மெய்ப்பிக்கவில்லை என்பது உண்மையே. ஆயினும் கேட்பவர் மனத்தில் பொய்யை விதைப்பதற்காகவே அவ்வுண்மை பேசப்பட்டது. நல்வாய்மை என்பது நாவளவில் நிற்பதன்று. உண்மையாகவும், நன்மை பயப்பதாகவும், காலமறிந்தும் பேசவேண்டும் என்ற புத்தருடைய அளவுகோலில் அவ்வாதம் முதற்படியில் நின்று இரண்டாம் படியில் வழுக்கி விழுகின்றது. தம் கட்சிக்காரரின் இரகசியத்தைக் காக்கும் கடமை வக்கீலுக்கு உண்டே எனின், உண்டு. அக்கடமை அவரை எதிரிக்குத் தூதுசெல்ல விடாது. ஆனால் கட்சிக்காரரிடமே, "இவ்வேடு உம்மைத் தோற்கடிக்கும், சேரவேண்டியதைக் கொடுத்து முடித்துக்கொள்ளும், மாட்டேனென்பீராயின் இவ்வாதத்தை என் வாயால் பேசேன்" என்று கூறுவதை எக்கடமையும் தடுக்கவில்லை.

மூன்றாவது இடம் வாய்தா. நோயினாலும் பிற காரணத்தாலும் கேட்கும் வாய்தா வேறு. எதிரி களைத்துப்போகட்டும் எனக் கேட்கும் வாய்தா வேறு. பின்னதில் பொய்ச்சாட்சி இல்லை, கடுஞ்சொல் இல்லை. இருந்தும் ஒரு குடும்பம் வட்டிக்கு வாங்குகின்றது. ஒரு பெண்ணின் படிப்பு நிற்கின்றது. காலத்தைத் திருடுதலும் கொடாததை எடுத்தலேயாம் என்று நாம் கருதுகின்றோம்.

இம்மூன்றிடத்தும் தூய்மையாய் நிற்கும் வக்கீல் முதலாளிக்கு மட்டும் வழக்காடினும் குற்றமில்லை எனலாமா? இங்குத்தான் ஆயுட்காலத் தொழில் என்பதன் பொருள் முன்னிற்கின்றது. ஒருவன் எதனை மீண்டும் மீண்டும் எண்ணுகின்றானோ அப்பக்கமே அவன் மனம் சாயும் என்றார் பகவன். முப்பதாண்டு நிர்வாகத்தின் கோப்புகளை மட்டுமே படித்தவருக்கு, வேலைக்கு வராதவன் சோம்பேறி, சங்கம் வைப்பவன் கலகக்காரன், விபத்தில் கையிழந்தவன் நஷ்டஈட்டுக்காக அழுபவன் என்றே தோன்றத் தொடங்கும். 1974ஆம் ஆண்டு மே மாதத்து இரயில்வே வேலைநிறுத்தத்தை நினைவுகூர்க. இருபது நாள் நடந்த அப்போராட்டத்தில் பல்லாயிரவர் வேலையிழந்தனர். விசாரணை நடத்துவது சாத்தியமில்லை என்று எழுதிவிட்டால் விசாரணையின்றியே நீக்கலாம் எனும் விதி அன்று பலர்மேல் பாய்ந்தது. நீக்கப்பட்டோரை 1977இல் வந்த புதிய அரசு மீண்டும் சேர்த்துக்கொண்டது. அரசியல் சட்டத்தில் அவ்விதிக்கு இடமுண்டு என்று 1985இல் துளசிராம் பட்டேல் வழக்கில் உச்சநீதிமன்றம் பெரும்பான்மையால் கூறியது. சட்டம் அனுமதிக்கின்றது என்பது அதனால் தெளிவாயிற்று. குறித்த ஒருவரைக் கேளாமலே தண்டிப்பது தக்கதா என்பது தெளிவாகவில்லை. அவ்விரண்டையும் வேறுபடுத்திக் காணும் கண், ஒருபக்கமே நோக்கிப் பழகியவரிடம் மெல்ல மங்கிப்போகும். முதலாளியின் வக்கீலுக்கு நேரும் பெரும் அபாயம் இதுவேயென்பது நம் துணிபு. பொய் சொன்னால் உடனே உறுத்தும். பார்வை மங்குவதோ உறுத்தாது.

அதற்கு மருந்து உண்டா? சிகாலனுக்குப் புத்தர் உபதேசித்த கடமைகளை அளவுகோலாகக் கைக்கொள்வது ஒரு மருந்து. பலமறிந்து வேலை கொடுத்தல், உணவும் ஊதியமும் அளித்தல், நோயிற் பேணுதல், சிறந்த உணவைப் பகிர்தல், உரிய காலத்தில் ஓய்வளித்தல் ஆகிய ஐந்தும் எசமானனுடைய கடமைகள். பணியாளருக்கும் ஐந்து கடமைகளை அவர் கூறினார். கொடுத்ததை மட்டும் கொள்ளுதலும் வேலையைச் செவ்வனே செய்தலும் அவற்றுள் அடங்கும். முதலாளியின் வக்கீல் இப்பத்தையும் தம் மேசைமேல் எழுதிவைத்துக்கொள்ளட்டும். தொழிலாளி தன் ஐந்தில் தவறியிருந்தால் அஞ்சாது வாதாடட்டும். நிர்வாகம் தன் ஐந்தில் தவறியிருந்தால் சமரசத்துக்கு வழிகாட்டட்டும். நிர்வாகத்தின் கதவுக்குள் நுழைந்து, "கொடுத்துவிடுங்கள்" என்று சொல்ல உரிமை பெற்றவர் அவர் ஒருவரே. பாபாசாகேப் அம்பேத்கர் 1942ஆம் ஆண்டு வைஸ்ராய் நிர்வாகசபையில் தொழில் உறுப்பினராய் அமர்ந்தபோது, அரசு, முதலாளி, தொழிலாளி ஆகிய முத்தரப்பாரும் ஒரே மேசையில் அமரும் மாநாட்டுக்கு அவ்வாண்டு ஆகஸ்டில் தலைமை தாங்கினார். அதிகாரத்தின் ஆசனத்தில் அமர்ந்தும் எதிர்ப்புறத்து ஆசனத்தை மறவாதிருக்கலாம் என்பதற்கு அது சான்று.

தொழிலாளரின் வழக்குகளிலும் சிலவற்றை ஆண்டுதோறும் ஏற்பது இரண்டாம் மருந்து. தம் கட்சிக்காரருக்கெதிராய்ப் பேசக்கூடாதெனினும், பிற நிறுவனத்துத் தொழிலாளிக்குப் பேசத் தடையில்லை. ஓர் ஏழையின் கதையை அவர் வாயாலேயே கேட்பவருக்குக் கோப்பிலுள்ள பெயர் மனிதராகவே நிற்கும்.

"நான் விட்டால் இன்னொருவர் செய்வார், தொழிலாளிக்கு என்ன இலாபம்?" என்பாரும் உளர். நஞ்சு விற்பவனும் இதனையே கூறுவான். இன்னொருவர் செய்யப்போவது இன்னொருவர் கருமம். ஆயினும் இவ்வினாவுக்குள் மறைந்துள்ள மற்றொரு நியாயத்தை நாம் அலட்சியம் செய்யலாகாது. பாட்டனார் சொத்தோடு வக்கீல் தொழிலுக்கு வந்தவர் ஒரு வழக்கை எளிதில் மறுப்பார். கடன்வாங்கிப் படித்து, தம்பி தங்கையரின் பாரத்தையும் சுமக்கும் நம் பிள்ளைக்கு நிர்வாகத்தின் வழக்குப் பட்டியலில் இடம் கிடைப்பது சிறிய பேறன்று. அவரை நோக்கித் "துரோகி" என்று திண்ணையிலிருந்து கூவுவது எளிது. அவர் தகாத வழக்கை மறுத்த மாதத்தில் அவர் வீட்டு வாடகைக்கு நாம் துணைநின்றோமா? சங்கமென்று ஒன்று இருப்பது எதற்காக? மறுக்கும் துணிவை ஒருவரிடம் எதிர்பார்க்கும் சமுதாயம், அத்துணிவின் செலவில் பங்கேற்கவும் கடமைப்பட்டது.

எதிர்ப்புறத்தையும் நாம் வலுப்படுத்த வேண்டும். 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி தொழிற்சாலைத் தொழிலாளரும், பெண்களும், தாழ்த்தப்பட்டோரும் வருமான வரம்பின்றியே இலவசச் சட்ட உதவி பெற உரிமையுடையோர். 1990ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப்பின், பௌத்தம் தழுவிய தாழ்த்தப்பட்டோரும் அட்டவணையில் சேர்ந்துள்ளனர். இதனை அறியாமல் வீடுவாசலை அடகுவைத்து வழக்காடுவோர் நம்மில் இன்னும் உண்டு. அறிந்தோர் அறியாதோர்க்குச் சொல்லுக. எதிர்நிற்போர்க்கு நல்ல வக்கீல் கிடைத்துவிட்டால், முதலாளியின் வக்கீலுடைய மனச்சுமையும் பாதி குறையும்.

நாம் கண்ட முடிவு இதுவே: முதலாளிக்கு வழக்காடுதல் விலக்கப்பட்ட தொழிலன்று. ஆயினும் அது ஒற்றையடிப் பாதை. தந்திரம் வகுத்துத் தாரேன், ஏட்டை மறைத்து வாதாடேன், காலத்தால் ஒருவரைப் பட்டினியிடேன் என்ற மூன்று உறுதிகளோடு அதில் நடக்கலாம். இம்மூன்றில் ஒன்றையேனும் விட்டாலன்றி இத்தொழிலில் நிலைக்க முடியாது எனும் நாள் வருமானால், அன்றே அது அவருக்கு நல்வாழ்க்கையாயிருத்தல் ஒழிந்தது. சென்னையில் மகாபோதி சங்கப் பணியில் ஈடுபட்டவரும், 1923இல் இந்நாட்டில் முதன்முதல் மேதினம் கொண்டாடியவருமான சிங்காரவேலர், ஒத்துழையாமைக் காலத்தில் 1921இல் தம் வக்கீல் அங்கியைப் பலரறியத் தீயிலிட்டார். அவர் விட்டது நாட்டு விடுதலையின் பொருட்டு. எல்லோரும் அங்கியை எரிக்க வேண்டுமென்று நாம் கூறவில்லை. கழற்றவேண்டிய நாள் வந்தால் கழற்ற முடியும் என்ற உறுதி உள்ளத்தில் இருப்பவரே அதனை அணியத் தகுந்தவர் என்கின்றோம்.

சட்டம் பயிலும் இளைஞர்காள்! முதல் வக்காலத்தில் கையெழுத்திடுமுன் இம்மூன்று உறுதிகளையும் உங்களுக்குள் எழுதிக்கொள்ளுங்கள். பெரியோர்களே! அவ்வுறுதியைக் காப்பவர் நம்மிடையே தோன்றினால், அவர் எப்பக்கத்து வக்கீல் என்று கேட்குமுன், எப்படிப்பட்ட வக்கீல் என்று கேளுங்கள்.